சூரையும் சுஷியும்

திருவனந்தபுரத்து மீன்சந்தைகளில் சூரை பெருமைக்குரிய மீனன்று. விருந்தாளிக்காக மீன் வாங்க வருகிறவர்கள் நெய்மீனையும் ஆவோலியையும் விசாரித்து, அவற்றின் விலையைக் கேட்டு மலைத்து நின்ற பிறகே, செந்நிறச் சதையும் மிகுந்த ரத்தமும் உடைய சூரையின் பக்கம் திரும்புவார்கள். குடம்புளி கரைத்து மண்சட்டியில் காய்ச்சிய சூரைக் கறியும், விசாகம் திருநாள் மகாராஜா 1880-களில் இந்த ராஜ்யத்தில் பரப்பிய மரச்சீனிக் கிழங்கும் சேர்ந்த ஆகாரமே இக்கடற்கரையின் உழைப்பாளி ஜனங்களை நெடுங்காலமாகப் போஷித்து வந்திருக்கிறது. ஆனால் அதே சூரைக் குடும்பத்தைச் சேர்ந்த 278 கிலோ எடையுள்ள ஒரு மீன், 2019-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் டோக்கியோ நகரத்து டொயோசு சந்தையில் 33 கோடியே 36 லட்சம் யென்னுக்கு, அதாவது அன்றைய மதிப்பில் நம் நாணயத்தில் இருபது கோடி ரூபாய்க்கும் அதிகமான தொகைக்கு, ஏலம் போயிற்று. புத்தாண்டின் முதல் ஏலத்தில் விளம்பரத்தை உத்தேசித்து ஒரு சுஷி உணவுச்சாலை முதலாளி கொடுத்த விலை அது என்பது மெய்யே. ஆயினும் அப்படியொரு விளம்பரத்தைச் செய்துகொள்ளும் அளவுக்கு ஒரு மீனின்மேல் உலகத்தின் மோகம் ஏறியிருக்கிறது என்பதையும் அந்த ஏலம் நமக்குப் பிரத்தியட்சமாகக் காட்டுகிறது.

ஒரு தேசத்தின் உணவு அந்தத் தேசத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும் வரையில் அதனால் விளையும் நன்மை தீமைகளும் அதன் கரையோரத்துக் கடலோடு நின்றுவிடும். அதே உணவு லண்டனிலும் நியூயார்க்கிலும் ஷாங்காயிலும் மும்பையிலும் நாகரிகத்தின் சின்னமாக மாறிவிட்டால், அதற்கு வேண்டிய மீனை எந்தச் சமுத்திரத்திலிருந்து யார், எந்த முறையில், எவ்வளவு பிடிக்கிறார்கள் என்னும் கேள்வி பூமியைச் சுற்றிவரும் கேள்வியாகிறது. அந்தக் கேள்வியை விழிஞ்ஞத்தையும் பூந்துறையையும் தூத்தூரையும் தொட்டுக்கொண்டிருக்கும் இந்து மகாசமுத்திரத்தின் கரையில் நின்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மீனின் இயல்பு

சூரை என்ற பொதுப்பெயரில் நம் மீனவர்கள் பல இனங்களை அடக்குகிறார்கள். கரைக்கு அண்மையில் கூட்டமாகத் திரியும் சிறிய எலிச்சூரை, வயிற்றில் நெடுங்கோடுகள் ஓடும் வரிச்சூரை, மஞ்சள் துடுப்புகளோடு ஆழ்கடலில் உலாவி ஆள் உயரத்தை எட்டும் கேரை என்பவை அவற்றுள் முக்கியமானவை. விழிஞ்ஞத்துப் படகுகள் தூண்டிலாலும் செவுள் வலையாலும் இவற்றைப் பிடித்துக் கொண்டுவர, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விழிஞ்ஞம் கிளையினர் இனவாரியாக அவற்றின் வரவைக் கணக்கெடுத்து வருகிறார்கள்.

பெரும்பாலான மீன்களின் உடல் தம்மைச் சூழ்ந்த நீரின் உஷ்ணத்தையே கொண்டிருக்க, சூரையினமோ தன் தசைகளின் உழைப்பில் பிறக்கும் வெப்பம் வெளியேறிவிடாமல் காத்து வைக்கும் விசேஷமான ரத்தநாள அமைப்பை உடையது. ஓயாமல் நீந்தினால்தான் அதற்குச் சுவாசம் உண்டு. அதனால் அது பிறந்தது முதல் இறப்பது வரையில் ஒரு கணமும் நிற்பதில்லை, மகாசமுத்திரங்களைக் குறுக்கே கடந்து செல்லவும் தயங்குவதில்லை. எந்த நாட்டின் எல்லைக்கோட்டையும் அறியாத இந்தச் சஞ்சாரமே அதைக் காப்பாற்றுவதைக் கடினமாக்குகிறது. ஏனெனில் ஒரு ராஜாங்கம் தன் கடலில் விட்டுவைத்த மீனை அடுத்த ராஜாங்கத்தின் கப்பல் மறுமாதம் வாரிக்கொண்டு போகக்கூடும்.

அதன் உடல் வெப்பத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. தூண்டிலிலோ வலையிலோ சிக்கி நெடுநேரம் போராடிச் சாகும் சூரையின் சதை அந்த உஷ்ணத்திலேயே வெந்ததுபோல் வெளிறி விரைவில் கெட்டுவிடும். ஐஸில் வைக்கத் தாமதித்தால் அதில் ஹிஸ்டமின் என்னும் பொருள் உண்டாகி உண்பவரை நோய்க்குள்ளாக்கும். ஆகவே பச்சையாக உண்பதற்குரிய சூரையை ஒன்றொன்றாகப் பிடித்து, பிடித்தவுடனே மூளையில் குத்திக் கொன்று, ரத்தத்தை வடித்து, குடலையும் செவுளையும் நீக்கி, தாமதமின்றி ஐஸில் புதைக்க வேண்டும்; மாதக்கணக்கில் வைக்க வேண்டுமானால் பூஜ்யத்துக்குக் கீழே 60 டிகிரி வரையில் உறையச் செய்யும் குளிர் அறைகள் வேண்டும். இந்தச் சிரமத்துக்கெல்லாம் உட்பட்ட மீனுக்கும் வலையில் செத்துக் கிடந்து கரைக்கு வந்த மீனுக்கும் இடையே உள்ள விலை வித்தியாசமே இந்த வியாபாரத்தின் அச்சாணி.

ஏழை உணவு ஏற்றம் பெற்ற வரலாறு

சுஷி என்பது புளிக்காடி கலந்த சோற்றோடு மீனைச் சேர்த்து உண்ணும் ஜப்பானிய உணவு. ஆதியில் அது மீனைக் கெடாமல் பாதுகாக்கும் உபாயமாக இருந்தது. உப்பிட்ட மீனைச் சோற்றுக்குள் பொதிந்து மாதக்கணக்கில் புளிக்க வைத்துப் பிறகு சோற்றை நீக்கி மீனை மட்டும் உண்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், இன்றைய டோக்கியோவாகிய எடோ நகரத்துத் தெருக்கடைகளில், ஒரு பிடி சோற்றின்மேல் ஒரு துண்டு மீனை வைத்து நின்றபடியே உண்ணக் கொடுக்கும் அவசர உணவாக அது உருமாறிற்று. அக்காலத்தில் அங்கும் சூரைக்கு மதிப்பில்லை. விரைவில் கெட்டுப்போகும் மீன் என்று கனவான்கள் அதை ஒதுக்கினார்கள். இன்று பொன்விலை பெறும் கொழுப்பு நிறைந்த வயிற்றுப் பகுதியை வீசியெறிந்தார்கள். குளிர்சாதனப் பெட்டியின் வரவும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் மாட்டிறைச்சியின் கொழுப்புச் சுவைக்கு ஜப்பானியர் பழகியதும் சேர்ந்துதான் அந்த வயிற்றுச் சதையை அரிய பதார்த்தமாக்கின.

1958-இல் ஓசாகாவில் சுழலும் பட்டையின்மேல் தட்டுகளை ஓடவிட்டு மலிவாகப் பரிமாறும் சுஷிக் கடை தோன்றியது. 1972-இல், ஜப்பானிலிருந்து மின்சாதனங்களை ஏற்றிச் சென்று வெறுமையாகத் திரும்பிக்கொண்டிருந்த சரக்கு விமானங்களை நிரப்ப வழி தேடிய ஒரு விமானக் கம்பெனியின் பிரயத்தனத்தால், கனடாவின் கீழ்க்கரையில் பிடிபட்ட நீலத்துடுப்புச் சூரை டோக்கியோவுக்குப் பறந்தது. அதற்கு முன்பு அந்தக் கரையில் விளையாட்டுக்காகப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டபின் புதைத்துவிடும் மீனாக இருந்தது அது. பிறகு அமெரிக்க நகரங்கள் சுஷியை ஏற்றுக்கொண்டன. அவற்றைப் பின்பற்றி ஐரோப்பாவும், செல்வம் பெருகிய சீனாவும் ஏற்றுக்கொண்டன. 2013-இல் ஜப்பானின் உணவுமுறை யுனெஸ்கோவின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் இடம்பெற்றபோது சுஷி உலகத்தின் பொதுச்சொத்தாகிவிட்டிருந்தது.

இதன் முதல் பலி அட்லாண்டிக் சமுத்திரத்தின் நீலத்துடுப்புச் சூரை. மத்தியதரைக் கடலில் அது முட்டையிடக் கூடும் காலத்தைப் பார்த்துச் சுருக்கு வலைகளை வீசி உயிரோடு வளைத்து, கூண்டுகளுக்குள் விட்டுக் கொழுக்க வைத்து ஜப்பானுக்கு அனுப்பும் தொழில் அளவு கடந்து பெருகியது. 2010-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மகாநாடு டோஹாவில் கூடியபோது, இம்மீனின் சர்வதேச வியாபாரத்தை அடியோடு தடைசெய்ய வேண்டுமென்று மொனாக்கோ என்னும் சின்னஞ்சிறு நாடு கொண்டுவந்த பிரேரணை, ஆதரவாக 20 வாக்குகளும் எதிராக 68 வாக்குகளும் பெற்றுத் தோற்றது. வாக்கெடுப்புக்கு முந்திய இரவில் ஜப்பானியத் தூதரகம் அளித்த விருந்தில் பிரதிநிதிகளுக்குப் பரிமாறப்பட்ட பதார்த்தங்களில் அதே மீனின் சுஷியும் ஒன்று.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. தடையின் பயம் நெருங்கிவந்ததால் விழித்துக்கொண்ட நாடுகள், ஆண்டுக்கு இவ்வளவுதான் பிடிக்கலாம் என்ற வரம்பை 2011-இல் 12,900 டன்னாகக் குறைத்து, அதை ஓரளவு கண்டிப்பாகவும் அமல்படுத்தின. பத்தாண்டுகளுக்குள் மீன் பெருகத் தொடங்கியது. 2021-இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அந்த இனத்தை ஆபத்துக்குரியவற்றின் பட்டியலிலிருந்தே நீக்கிற்று. இந்து மகாசமுத்திரத்தில், ஜாவாத் தீவுக்குத் தெற்கே மட்டும் முட்டையிடும் தெற்கத்திய நீலத்துடுப்புச் சூரையும் மிகக் கடுமையான அபாய நிலையிலிருந்து ஒரு படி மேலேறிற்று. எனினும் அது இன்னும் அபாயப் பட்டியலிலேயே இருக்கிறது. மனிதன் கையை மடக்கிக்கொண்டால் கடல் மன்னிக்கும் என்பதற்கும், மடக்கிக்கொள்ள அவனுக்குப் பயம் வேண்டியிருக்கிறது என்பதற்கும் இவை சாட்சிகள்.

நமது சமுத்திரத்தில்

நீலத்துடுப்பு அரிதாகி விலையேறிய காலத்தில், சாதாரணச் சுஷிக் கடைகள் கேரையையும் பெருங்கண் சூரையையும் நாடின. இவை இரண்டும் இந்து மகாசமுத்திரத்தில் மிகுதியாக உள்ளவை. கேரை மட்டும் இச்சமுத்திரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 லட்சம் டன் பிடிபடுகிறது. அது முழுவதும் சுஷிக்குப் போகிறது என்று சொன்னால் அநியாயமாகும். பெரும்பகுதி தகர டப்பாவிலும் கரையோர ஜனங்களின் சட்டியிலும் முடிகிறது. சுஷிச் சந்தை இந்த வேட்டையில் எடையால் சிறிய பங்கையும் விலையால் பெரிய பங்கையும் எடுத்துக்கொள்கிறது. தூரதேசத்துக் கப்பல்கள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் எரிபொருளை எரித்துக்கொண்டு இங்கே வருவதற்கு அந்த விலையும் ஒரு தூண்டுதல்.

வருகிற கப்பல்கள் இருவகைப்பட்டன. ஒருவகை, ஜப்பான், தைவான் முதலிய கீழ்த்திசை நாடுகளினுடையவை. பல கிலோமீட்டர் நீளமுள்ள கயிற்றில் ஆயிரக்கணக்கான தூண்டில்களைத் தொங்கவிட்டுப் பெரிய மீன்களைப் பிடித்து, கப்பலிலேயே கடுங்குளிரில் உறையவைத்துக் கொண்டுபோகின்றன. சுறாக்களும் கடலாமைகளும், இரையைக் கவ்வ இறங்கும் கடற்பறவைகளும் அத்தூண்டில்களில் அகப்பட்டு மடிகின்றன. இன்னொரு வகை, ஸ்பெயின், பிரான்ஸ் முதலிய ஐரோப்பிய நாட்டாரின் பிரம்மாண்டமான சுருக்குவலைக் கப்பல்கள். கடலில் மிதக்கும் எந்தப் பொருளின் அடியிலும் மீன்கள் ஒதுங்கும் இயல்பை அறிந்து, இவை மிதவைகளைக் கட்டிக் கடலில் அலையவிட்டு, அவற்றோடு பொருத்திய கருவிகள் செயற்கைக்கோள் வழியே அனுப்பும் செய்தியைக் கொண்டு மீன்கூட்டம் திரண்டிருப்பதை அறிந்து, வலையை வீசுகின்றன. வரிச்சூரையைத் தேடி வீசிய அவ்வலையில் இன்னும் ஒரு தடவைகூட முட்டையிடாத கேரைக் குஞ்சுகளும் கூடவே மாட்டிக்கொள்வதுதான் துக்ககரமானது. பெரிதாக வளர்ந்திருந்தால் பெருமதிப்புப் பெறக்கூடிய மீன், குஞ்சாக இருக்கும்போதே டப்பாவுக்குள் அடைபட்டு முடிகிறது.

செஷல்ஸ் தீவின் விக்டோரியா நகரத்தில் 1996 முதல் இயங்கிவரும் இந்து மகாசமுத்திரச் சூரை ஆணையம், 2015-இல் கேரை அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுவிட்டது என்று அறிவித்தது. மறு ஆண்டில் சுருக்குவலைக் கப்பல்கள் தம் பிடிப்பை 15 சதவீதம் குறைக்க வேண்டுமென்றும், பிற முறையினர் அதைவிடச் சிறிது குறைவான அளவில் குறைக்க வேண்டுமென்றும் தீர்மானம் செய்தது. சில நாடுகள் குறைத்தன. சில நாடுகள் ஆட்சேபித்து விலகின. சிலவற்றின் பிடிப்போ கூடிற்று. 2023-இல் மிதவைகளை ஆண்டில் 72 நாள் நிறுத்திவைக்க வேண்டுமென்று பெரும்பான்மையோர் வாக்களித்தபோது ஐரோப்பிய ஒன்றியம் ஆட்சேபம் தெரிவித்து ஒதுங்கிக்கொண்டது. 2024-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் கேரையின் நிலை அபாயக் கோட்டைத் தாண்டி மீண்டிருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். பெருங்கண் சூரை 2022-இல் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கியது.

பழியை எல்லாம் அந்நியர்மேல் சுமத்திவிடுவதும் சரியன்று. ஈரான், பாகிஸ்தான், இலங்கை, நம் இந்தியா ஆகிய நாடுகளின் செவுள் வலைகளும் இச்சமுத்திரத்தில் சூரையைப் பெருமளவில் பிடிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத நைலான் சுவராக இரவெல்லாம் நிற்கும் அவ்வலைகள் ஓங்கில்களையும் ஆமைகளையும் விலக்கி விடுவதில்லை. தூரதேசத்துக் கப்பலின் லாபநோக்கமும் கரையோரத்துக் குடும்பத்தின் ஜீவனோபாயமும் ஒரே தராசில் வைக்கத் தக்கவையல்ல என்றாலும், வலைக்குள் அகப்பட்ட ஓங்கிலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இறால் கற்பித்த பாடம்

தொலைவிலுள்ள நாக்கு நம் கடலை எப்படி மாற்றும் என்பதைச் சூரைக்கு முன்பே இறால் நமக்குக் காட்டிவிட்டது. 1952-இல் ஐக்கிய நாடுகள் சபை, நார்வே, இந்தியா ஆகிய மூவரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, திருவனந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்டிருந்த அன்றைய திரு-கொச்சி ராஜ்யத்தில், கொல்லத்துக்கு அருகேயுள்ள சக்திகுளங்கரையிலும் நீண்டகரையிலும், 1953 முதல் ஓர் அபிவிருத்தித் திட்டம் தொடங்கப்பட்டது. ஏழை மீனவர்களின் ஆகாரத்தையும் ஆரோக்கியத்தையும் வருமானத்தையும் உயர்த்துவதே அதன் நோக்கம். நல்ல நோக்கத்தோடு வந்த விசைப்படகும் உறையவைக்கும் யந்திரமும் சில ஆண்டுகளுக்குள் வேறொரு வேலையை மேற்கொண்டன. அமெரிக்காவும் பின்னர் ஜப்பானும் இறாலுக்குக் கொடுக்க முன்வந்த விலையின் முன்னே, உள்ளூரார் உண்ணும் சாளையும் அயிலையும் அற்பமாகத் தோன்றின. மீனவரல்லாத பணக்காரர்கள் விசைப்படகுகளை வாங்கி, கடலின் அடித்தரையை வாரி இழுக்கும் இழுவலைகளோடு கரைக்கு மிக அருகிலேயே புகுந்தார்கள். இறாலுக்காக இழுத்த வலையில் வந்த எண்ணற்ற குஞ்சுமீன்கள் கடலிலேயே கொட்டப்பட்டன. 1970-களில் மாநிலத்தின் மொத்த மீன்வரவு வீழ்ந்தது. கட்டுமரக்காரனுக்கும் விசைப்படகுக்காரனுக்கும் நடுக்கடலில் கைகலப்புகளும் தீவைப்புகளும் நிகழ்ந்தன. இந்த வரலாற்றைத் திருவனந்தபுரத்து உள்ளூரிலுள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தைச் சேர்ந்த பொருளாதார அறிஞர் ஜான் குரியன் விரிவாக எழுதியிருக்கிறார்.

அதன் பிறகு நிகழ்ந்ததே இக்கடற்கரையின் பெருமை. பாதிரியார்களும் கன்னியாஸ்திரீகளும் உடன்நிற்க, மீனவர்கள் தலைநகரின் வீதிகளில் ஊர்வலமும் உண்ணாவிரதமும் நடத்தினார்கள். 1980-இல் கேரளம் கடல் மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை இயற்றிற்று. கமிட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நியமிக்கப்பட்டபின், கேரளப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பாலகிருஷ்ணன் நாயரின் தலைமையில் அமைந்த குழுவின் ஆலோசனையை ஒட்டி, 1988-இல் மழைக்காலத்தில் இழுவலைக்குத் தடை பிறந்தது. இன்று அது ஆண்டுதோறும் 52 நாள் அனுஷ்டிக்கப்படுகிறது.

1991-இல் மத்திய அரசாங்கம், நம் கரையிலிருந்து 200 கடல் மைல் வரை பரந்த பொருளாதார மண்டலத்தில் அந்நியக் கம்பெனிகளோடு கூட்டுச் சேர்ந்த ஆழ்கடல் கப்பல்கள் மீன்பிடிக்க வழி திறந்தபோது, எதிர்ப்பின் குரல் மறுபடியும் இந்த நகரத்திலிருந்து எழுந்தது. திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு தேசிய மீன்தொழிலாளர் பேரவையை நடத்திய தாமஸ் கோச்சேரி என்னும் பாதிரியாரும் அவருடைய சகாக்களும் 1994-இல் நாடெங்கும் மீன்பிடி வேலைநிறுத்தம் நடத்தினார்கள். அதுவரை பகைவர்களாக இருந்த விசைப்படகு உரிமையாளர்களும் அதில் சேர்ந்துகொண்டார்கள். விசாரணைக்கென நியமிக்கப்பட்ட முராரி கமிட்டி 1996-இல் அந்த அனுமதிகளை ரத்துச் செய்யும்படி ஆலோசனை கூற, அரசாங்கமும் அதை ஒப்புக்கொண்டது.

அந்நியக் கப்பல்கள் விலகிய ஆழ்கடலில் நம்மவர் இல்லாமலில்லை. திருவனந்தபுரம் ஜில்லாவின் தென்கோடியை அடுத்து, 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை இதே ராஜ்யத்தைச் சேர்ந்திருந்து பின்னர் தமிழகத்தோடு இணைந்த கரையில், நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை என்று வரிசையாக எட்டுக் கிராமங்கள் உண்டு. சுறா வேட்டைக்குப் பேர்போன இவ்வூர் மக்கள், சுறா குறைந்துவந்த காலத்தில் கேரையின் பக்கம் திரும்பினார்கள். கொச்சியின் தோப்பும்படித் துறையிலிருந்து புறப்பட்டு, வாரக்கணக்கில் கடலிலேயே தங்கி, லட்சத்தீவுகளையும் கடந்து அரபிக்கடலின் நடுவரையில் சென்று தூண்டிலிடுகிறார்கள். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் வீசியபோது எச்சரிக்கை எட்டாத தூரத்தில் இருந்தவர்கள் இவர்களே. இவ்வூர்களிலும் பூந்துறை, விழிஞ்ஞம் முதலிய கேரளக் கிராமங்களிலும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அந்தப் புயலில் தலைவனை இழந்தன. இவ்வளவு பிராணாபாயத்தோடு பிடித்த கேரை, சாதாரண ஐஸ் அறையில் பல நாள் கிடந்து கரைக்கு வருவதால், பச்சையாக உண்ணும் தரத்தைப் பெறுவது அரிது. ஆகவே உலகச் சந்தையின் உச்ச விலை இவர்களுடைய கைக்கு எட்டுவதில்லை. சந்தையினால் கடலில் மீன் குறைந்தாலோ அதன் கஷ்டம் முதலில் எட்டுவது இவர்களைத்தான்.

வளர்ப்பு மீனும் சாளையும்

காட்டுமீனைப் பிடிக்காமல் வளர்த்த மீனை உண்டால் தோஷமில்லையே என்று கேட்கலாம். இந்திய நகரங்களின் ஹோட்டல்களில் சுஷி என்று தட்டில் வருவது பெரும்பாலும் நார்வேயிலிருந்து விமானத்தில் வந்த வளர்ப்புச் சால்மன் மீனே. சூரை திரியும் கடலின் கரையிலிருந்துகொண்டு வட துருவத்தை அடுத்த கடலின் மீனைத் தருவித்து உண்பது இக்காலத்து வியாபாரத்தின் விசித்திரங்களில் ஒன்று. 1980-களின் மத்தி வரையில் ஜப்பானியர் தம் கடலின் சால்மனைப் புழுக்களுக்குப் பயந்து பச்சையாக உண்டதில்லை. கூண்டில் வளர்ந்து, தயாரித்த தீனியையே தின்ற எங்கள் மீனில் அந்தப் பயமில்லை என்று நார்வே பல ஆண்டுகள் பிரசாரம் செய்தே சால்மன் சுஷியை உலகத்தில் நிலைநாட்டிற்று.

அந்தத் தீனிதான் விஷயம். சால்மன் மாமிசபட்சணி, மீன்தூளும் மீன்நெய்யும் இல்லாமல் அதை நன்றாக வளர்க்க முடியாது. இன்று தீனியில் பெரும்பகுதி சோயா முதலிய தாவரப் பொருள்கள் என்றாலும், மிகுதிப் பகுதிக்காகப் பெரு நாட்டின் கரை முதலாகப் பல கடல்களில் சிறுமீன்கள் டன் கணக்கில் அரைக்கப்படுகின்றன. நம் அரபிக்கடலோரத்திலும் மீன்தூள் ஆலைகள் உண்டு. அவை பெரும்பாலும் இறால் பண்ணைகளுக்கும் கோழிப் பண்ணைகளுக்கும் தீனி தருகின்றன. ஏழையின் தட்டுக்கு வரவேண்டிய சாளைக் குஞ்சு இவ்வாலைகளுக்குச் சென்றதைக் கண்டே, 2015-இல் கேரள அரசாங்கம் இன்ன மீனை இன்ன நீளத்துக்குக் குறைவாகப் பிடிக்கக்கூடாதென்று விதித்தது. சாளைக்கு அந்த நீளம் 10 சென்டிமீட்டர்.

சாளையின் கதை யாவரையும் திடுக்கிடச் செய்வது. 2012-இல் கேரளத்தில் 3.9 லட்சம் டன் பிடிபட்ட சாளை, 2021-இல் வெறும் 3,297 டன்னாகச் சுருங்கிற்று. அதற்குப் பிரதான காரணமாக விஞ்ஞானிகள் காட்டுவது கடலின் உஷ்ணத்திலும் நீரோட்டத்திலும் நேர்ந்த மாறுதல்களை. அதிகப்படியான பிடிப்பும் குஞ்சுகளின் அழிவும் துணைக்காரணங்கள். ஆகவே சாளையின் வீழ்ச்சிக்குச் சுஷியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கில்லை. ஆனால் வளர்ப்பு மீன் என்பது கடலுக்கு விடுதலை என்று எண்ணுகிறவர்கள், ஒரு பெரிய மீனின் பின்னால் எத்தனை சிறிய மீன்கள் மறைந்திருக்கின்றன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒன்றொன்றாகப் பிடிக்கும் முறை

சூரையைக் கடலுக்குக் கேடில்லாமல் பிடிக்கும் வித்தையை நம்மவரே நூற்றாண்டுகளாக அனுஷ்டித்து வந்திருக்கிறார்கள். லட்சத்தீவுக் கூட்டத்தின் தென்கோடியான மினிக்காய் தீவில், காயலுக்குள் பிடித்த சிறுமீன்களை உயிரோடு படகில் வைத்துக்கொண்டு வெளிக்கடலுக்குச் சென்று, சூரைக் கூட்டத்தைக் கண்டதும் அவற்றை அள்ளி வீசி, மழை பெய்வதுபோல் நீரைத் தெளித்து மீன்களை மயக்கி, முள்ளில்லாத கொக்கியும் நீண்ட கோலும் கொண்டு ஒவ்வொன்றாகத் தூக்கிப் படகுக்குள் வீசுகிறார்கள். இம்முறையில் ஆமையும் ஓங்கிலும் சுறாவும் சாவதில்லை என்றே சொல்லிவிடலாம். அப்படிப் பிடித்த வரிச்சூரையை வேகவைத்துப் புகையூட்டி வெயிலில் காயவைத்தால், கல்லைப்போல் இறுகி ஆண்டுக்கணக்கில் கெடாத மாசியாகிறது. பதினான்காம் நூற்றாண்டில் மாலத்தீவில் தங்கிய இப்னு பதூதா இந்தப் பண்டத்தையும் அதன் ஏற்றுமதியையும் குறிப்பிடுகிறார்; கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் அது இன்றும் பழகிய சரக்கே. விமானமும் கடுங்குளிர் அறையும் இல்லாமலே சூரை தேசாந்தரம் போன காலம் அது.

மாலத்தீவார் இம்முறையை விடாமல் காத்து, 2012-இல் தங்கள் வரிச்சூரைக்குச் சர்வதேச நற்சான்று பெற்று, ஐரோப்பியக் கடைகளில் நல்ல விலைக்கு விற்கிறார்கள். ஆனால் இதற்கு வேண்டிய உயிர்இரை வாழ்வது பவழப் பாறைகளுக்கிடையில். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் கொதித்து லட்சத்தீவின் பவழங்கள் வெளுத்து மாண்டன. உலகமெங்கும் எரியும் கரியும் எண்ணெயும் மினிக்காய் தூண்டில்காரனின் இரையைப் பறிக்கின்றன. அந்தப் புகையில், ஒரு தட்டுச் சாப்பாட்டுக்காகப் பச்சை மீனைக் கண்டம்விட்டுக் கண்டம் சுமக்கும் விமானத்தின் புகையும் சேர்ந்திருக்கிறது.

இனிச் செய்யத்தக்கது

மீனைப் பச்சையாக உண்பதில் பாவமில்லை. ஜப்பானியரின் உணவுக்கலையில் மீனிடம் காட்டும் மரியாதை நாம் கற்கத்தக்கது. எடோக் காலத்துச் சுஷிக்காரன் அந்தந்தப் பருவத்தில் தன் விரிகுடா கொடுத்த மீனையும் சிப்பியையும் கொண்டு தொழில் நடத்தினான். உலகம் அவனிடமிருந்து சுவையை எடுத்துக்கொண்டு பருவத்தையும் இடத்தையும் விட்டுவிட்டது. ஆண்டு முழுவதும், எல்லா ஊர்களிலும், சூரை, சால்மன், இறால், விலாங்கு என்று விரல்விட்டு எண்ணத்தக்க சில ஜீவன்களையே கேட்கும் சந்தை, எத்தனை பெரிய சமுத்திரத்தையும் ஒரு குறுகிய வாசல் வழியாகக் காலிசெய்துவிடும்.

இதற்கு மாறான வழக்கம் திருவனந்தபுரத்துக் கடற்கரையில் இருக்கிறது. நெத்திலி வந்தால் நெத்திலி, அயிலை வந்தால் அயிலை, வாளையும் கிளிமீனும் கணவாயும் பாரையும் சூரையும் அவ்வவற்றின் பருவத்தில் என்று, கடல் கொடுத்ததைக் கேள்வியின்றி உண்பது இங்குள்ளோரின் பழக்கம். இது வறுமையால் வந்த பழக்கம் என்று எண்ணி, பணம் சேர்ந்தவுடன் இதைக் கைவிட்டு இரண்டொரு உயர்ந்த ஜாதி மீன்களையே தேடுவது நம் மத்தியதர வர்க்கத்தாரிடமும் பரவிவருகிறது. ஒரே மீன்மேல் விழும் பாரத்தைப் பல மீன்கள்மேல் பங்கிட்டுத் தாங்கச் செய்யும் அப்பழக்கத்தைவிடச் சிறந்த கடற்பாதுகாப்பு இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

அரசாங்கம் செய்யவேண்டியதும் தெளிவாகவே இருக்கிறது. நம் பொருளாதார மண்டலத்தின் சூரையில் முதல் உரிமையைத் தூண்டில்கார மீனவனுக்கு அளிக்க வேண்டும். பிடித்த கணமே மீனைப் பக்குவப்படுத்தும் பயிற்சியையும் நல்ல குளிர்வசதியையும் அவனுடைய சங்கங்களுக்குக் கொடுத்தால், குறைந்த மீனுக்கு அதிக விலை பெறுவான். அதிக விலையைக் காட்டி அதிகக் கப்பல்களை இறக்குவதற்குப் பதிலாக, பிடிப்பின் அளவை அவ்விலையோடு பிணைத்துக் கட்டுப்படுத்த வேண்டும். குஞ்சுமீனுக்குரிய நீளவிதியைக் கரையோர மீன்களுக்கு விதித்ததுபோலக் கேரைக்கும் கண்டிப்பாக அமல்செய்ய வேண்டும். மிதவைகளைக் கட்டுப்படுத்தும் சர்வதேச வாக்குவாதத்தில் இந்தியா தன் குரலை உயர்த்துவதோடு, தன் செவுள் வலைகளின் கணக்கையும் ஒளிக்காமல் எடுத்து வைக்க வேண்டும். சொந்தக் கணக்கு சுத்தமில்லாதவனின் குரலுக்குச் சபையில் மதிப்பிராது.

சட்டத்தால் கப்பலைத் தடுக்கலாம், வலையின் கண்ணை அளக்கலாம், பருவத்தைப் பூட்டலாம். நாக்கின் விருப்பத்தைச் சட்டத்தால் அளக்க முடியாது. அட்லாண்டிக்கின் நீலத்துடுப்பு மீண்டதும், கேரளத்து மழைக்காலத் தடை பிறந்ததும், உண்பவனும் பிடிப்பவனும் ஆள்பவனும் கொஞ்சம் குறைவாக எடுத்துக்கொள்ள இசைந்ததனால் நிகழ்ந்தவை. அந்த இசைவை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. நம் தலைமுறைக்கு வந்திருக்கும் தவணை சூரையின் பெயரால் வந்திருக்கிறது.